மதிலுக்கு அப்பாலுள்ள தெரு

பெரிய வைத்தியசாலை ஒன்றின் நிழலில் வாழ்வோர் பிறரிலும் பார்க்க நோயின்றி வாழ்வர் என்று எண்ணுதல் இயல்பே. பேர்போன வைத்தியர்கள் நாடோறும் அத்தெரு வழியே செல்கின்றனர். புதிய மருந்துகள் அங்கேதான் முதன்முதற் கையாளப்படுகின்றன. நள்ளிரவிற் குழந்தைக்கு மூச்சுத் திணறினால் தாய் நடந்தே சென்று வாயிலைத் தட்டலாம். ஆயினும் உலகின் பெருநகரங்கள் பலவற்றின் சரித்திரம் வேறொரு கதை சொல்கின்றது. வைத்தியக் கல்லூரியோடு கூடிய பெரிய வைத்தியசாலைகள் பெரும்பாலும் ஏழைகள் நெருங்கி வாழும் பகுதிகளிலேயே எழுந்தன. காரணம் வெளிப்படை. மாணவருக்குக் கற்பிப்பதற்கு நோயாளர் வேண்டும். காசு கொடுத்து வைத்தியரைத் தம் வீட்டுக்கு அழைக்க வல்லவர், மாணவர் கூட்டத்தின் முன் கட்டிலிற் கிடக்க இசையார். ஆகவே ஏழைகளின் உடம்பே வைத்தியக் கல்வியின் பாடநூலாயிற்று. அப்பாடநூலைப் படித்தவர்கள் அந்தத் தெருவுக்கு ஈடாக என்ன கொடுத்தனர்? இவ்வினா ஐக்கிய அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்திலுள்ள பால்ற்றிமோர் நகரில் நூறாண்டுக்கு மேலாகக் கேட்கப்பட்டு வந்துள்ளது.

அந்நகரின் செல்வந்த வணிகர் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் என்பவர் 1873ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில், தாம் நிறுவக் கருதிய வைத்தியசாலையின் தருமகர்த்தாக்களுக்கு ஒரு கடிதம் எழுதினார். நகரத்திலும் அதன் சுற்றுப்புறத்திலும் உள்ள வறிய நோயாளரை ஆண் பெண் என்றோ, முதியோர் இளையோர் என்றோ, நிறம் பற்றியோ வேறுபாடு பாராது ஏற்றல் வேண்டும் என்பது அக்கடிதத்தின் தலையாய கட்டளை. வைத்தியசாலை ஈற்றிற் சர்வகலாசாலையின் வைத்தியக் கல்லூரியோடு இணைதல் வேண்டும் என்பதும் அதிலேயே உண்டு. அவ்வாண்டு டிசெம்பரில் அவர் இறந்தார். அவர் விட்டுச்சென்ற 70 இலட்சம் டொலர் சர்வகலாசாலைக்கும் வைத்தியசாலைக்கும் சரிபாதியாகப் பிரிந்தது. அடிமை முறை ஒழிந்து பத்தாண்டு நிரம்பாத காலத்தில் இத்தகைய கட்டளை எழுந்தமை சிறிய செய்தியன்று. எனினும் அவருடைய வீட்டிலேயே அடிமைகள் இருந்தனர் என்பதற்குப் பழைய குடிமதிப்பேடுகள் சான்று தருகின்றன என்று அவர் பெயர் தாங்கிய சர்வகலாசாலை 2020ஆம் ஆண்டு அறிவித்தது. கொடையாளரின் கடிதத்தைப் படிக்கும்போது இதனையும் உடன்வைத்துப் படித்தலே முறையாகும்.

வைத்தியசாலை நகரின் கிழக்குப் பகுதியில் ஒரு மேட்டு நிலத்தின்மேல் 1889ஆம் ஆண்டு மே மாதம் திறக்கப்பட்டது. வைத்தியக் கல்லூரி 1893இல் தொடங்கியது. நகரப் பெண்மணிகள் சிலர் பணந் திரட்டி, பெண்களை ஆண்களுக்கு நிகராகச் சேர்த்துக்கொண்டாற்றான் தருவோம் என்று நிபந்தனை விதித்தமையால், முதல் வகுப்பிலேயே பெண்களும் இடம்பெற்றனர். சுற்றியிருந்தவை ஒரே சுவரைப் பகிர்ந்து வரிசை வரிசையாய் நிற்கும் செங்கல் வீடுகள். முதலில் ஜெர்மனியிலிருந்தும் பொகீமியாவிலிருந்தும் வந்த தொழிலாளரும், பின்னர் படிப்படியாகக் கறுப்பின மக்களும் அவற்றிற் குடியிருந்தனர்.

வைத்தியப் பகுதியின் தலைவராய் வந்த வில்லியம் ஒஸ்லர், மாணவரை விரிவுரை மண்டபத்திலிருந்து எழுப்பி நோயாளரின் கட்டிலருகே நிறுத்தியவர் என்று பெரிதும் போற்றப்படுபவர். அவர் அவர்களைக் கட்டிலருகே நிறுத்தியதோடு அமையவில்லை. நோயாளரின் வீட்டு வாயிலுக்கும் அனுப்பினார் என்பது அத்துணைப் பரவலாக அறியப்படாத செய்தி. வெளிநோயாளர் பகுதிக்குக் காசநோயாளர் வருவர். மார்பைத் தட்டிப் பார்த்து மருந்து கொடுப்பர். நோயாளர் வீடு திரும்புவர். சில மாதங் கழிந்தபின் அதே வீட்டிலிருந்து தம்பியோ மகளோ இருமிக்கொண்டு வருவர். இது ஏன் என்று அறிய விரும்பிய ஒஸ்லர், 19ஆம் நூற்றாண்டின் இறுதி ஆண்டுகளில் அடிலெயிட் டச்சர் முதலிய மாணவிகளை நோயாளரின் வீடுகளைச் சென்று பார்த்துவரும்படி ஏற்பாடு செய்தார்.

அம்மாணவிகள் கண்டவை பாடநூல்களில் இல்லாதவை. பகலிலும் வெளிச்சம் புகாத உள்ளறைகள். நோயாளரும் குழந்தைகளும் ஒரே படுக்கையில். சளியை எங்கே துப்புவது, எப்படி அழிப்பது என்பதை ஒருவரும் சொல்லிக் கொடுத்ததில்லை. நல்ல உணவும் தூய காற்றும் ஓய்வும் வேண்டுமென்று வைத்தியர் சொல்லியனுப்பிய அறிவுரை, இம்மூன்றிலொன்றேனும் இல்லாத வீட்டுக்கு வந்து சேர்ந்திருந்தது. 1903இல் காசநோயாளரின் வீடுகளைப் பார்ப்பதற்கென்றே ஒரு தாதி அமர்த்தப்பட்டார். 1905இல் ஹென்றி பிப்ஸ் என்னுஞ் செல்வரின் உதவியால் வைத்தியசாலை வளவிலே காசநோய்க்கென வெளிநோயாளர் மருந்தகம் திறக்கப்பட்டது. அங்கே பயின்று தாதியாகிப் பின்னர் நகரச் சுகாதாரத் திணைக்களத்திற் காசநோய்ப் பிரிவை நடத்திய எலன் லா மொட் என்பார், வீடு வீடாகச் சென்று போதிப்பதனால் மட்டும் இந்நோய் அடங்காது என்று வெளிப்படையாகவே கூறிவிட்டார். தொற்று நிலையிலுள்ளோரை வேறு நிலையங்களிற் பிரித்து வைத்தலே வழி என்பது அவருடைய முடிபு. அம்முடிபிற் கடுமை உண்டு. ஆனால் வறுமையை அறிவுரையால் மாற்ற முடியாது என்று படிக்கட்டுகளில் ஏறியிறங்கிக் கண்டவர் அவர்.

இதே காலத்திற் பால்ற்றிமோர் நகரிற் சீரான கழிவுநீர் வாய்க்கால் கிடையாது. வீட்டுக்கு வீடு மலக்குழி. நெருப்புக் காய்ச்சல் ஆண்டுதோறும் வந்து போகும் விருந்தாளி. ஒஸ்லரும் அவர் தோழர்களும் இதனைப் பலகாலும் எடுத்துரைத்தும் நகரசபை அசையவில்லை. 1904 பெப்ரவரியில் நகரின் நடுப்பகுதி பெருந்தீயில் அழிந்து, யாவற்றையும் புதிதாய்க் கட்ட நேர்ந்த பின்னரே வாய்க்கால் வேலை தொடங்கிற்று.

1910இல் நகரசபை வேறொரு காரியத்தை விரைந்து செய்தது. வெள்ளையர் மிகுந்த தெருவிற் கறுப்பினத்தவரும், கறுப்பினத்தவர் மிகுந்த தெருவில் வெள்ளையரும் புதிதாய்க் குடியேறலாகாது என்று ஒரு சட்டம் நிறைவேற்றிற்று. தொற்றுநோய் வெள்ளையர் பகுதிகளுக்குப் பரவாது தடுத்தல் என்பது அதற்குக் கூறப்பட்ட நியாயங்களுள் ஒன்று. மாணவிகள் இருண்ட அறைகளிற் கண்ட உண்மை, நோய் வீட்டைப் பற்றியது என்பது. நகரத்தார் அதனை நோய் நிறத்தைப் பற்றியது என்று மாற்றிப் படித்தனர். இத்தகைய சட்டங்கள் செல்லா என்று 1917இல் உயர்நீதிமன்றம் வேறொரு நகரின் வழக்கிலே தீர்த்தது. எனினும் பிரிவினை அகலவில்லை. உரிமைப் பத்திர நிபந்தனைகளாலும் கடன் மறுப்பாலும் தொடர்ந்தது. கிழக்குப் பால்ற்றிமோரிற் கறுப்பினத்தவர் தங்கிய வீடுகள் மேலும் நெருக்கமாயின.

ரொக்பெல்லர் தாபனத்தின் பொருளுதவியோடு வில்லியம் வெல்ச் என்னும் பேராசிரியர் 1916இல் நிறுவிய சுகாதாரக் கல்லூரி, வைத்தியசாலையின் பக்கத்திலேயே கட்டிடம் அமைத்துக்கொண்டது. வைத்தியம் கற்க நோயாளர் வேண்டுமாயின், சுகாதாரம் கற்க ஊரே வேண்டும். 1932ஆம் ஆண்டு நகரச் சுகாதாரத் திணைக்களமும் அக்கல்லூரியும் சேர்ந்து, வைத்தியசாலையைச் சூழ்ந்த ஏறத்தாழ ஒரு சதுரமைல் நிலத்தைக் கிழக்குச் சுகாதாரப் பகுதி என்று வகுத்தன. அதில் 50,000இற்கு மேற்பட்ட மக்கள் வாழ்ந்தனர். ஹரி மஸ்ரட் என்பவர் அதன் முதற் பொறுப்பாளர். இலங்கை நேயர்களுக்கு இம்முறை புதிதன்று. அதே ரொக்பெல்லர் தாபனத்தின் துணையோடு 1926இலேயே களுத்துறையில் ஒரு சுகாதாரப் பகுதி தொடங்கியிருந்தது. வகுத்த எல்லைக்குள் வாழும் மக்களைக் கணக்கெடுத்து, பிறப்பு முதல் இறப்பு வரை அவர்களின் நலத்துக்கு ஒரே அலுவலகம் பொறுப்பேற்றல் என்பதே இரண்டிற்கும் பொதுவான கருத்து. வேறுபாடு, பால்ற்றிமோரில் அது ஒரு சர்வகலாசாலையின் வாயிலிலேயே அமைந்திருந்தமை.

தாதிமார் வீடு வீடாய்ச் சென்றனர். கருப்பிணிகளுக்கும் குழந்தைகளுக்கும் மருத்துவப் பரிசோதனை நிலையங்கள் நடந்தன. மேகநோயும் காசநோயும் வீட்டளவிற் கணக்கெடுக்கப்பட்டன. 1936இல் மனநோயாளர் எத்தனை பேர் என்று போல் லெம்கோ முதலியோர் எண்ணிப் பார்த்தனர். ஒரு நகர்ப்பகுதி முழுவதிலும் மனநோயை எண்ணிய முயற்சிகளுள் அது முன்னோடியானது. 1938 முதல் 1943 வரை ஐந்தாண்டுகள், குறித்த குடும்பங்களை மாதந்தோறும் சந்தித்து, யார் என்ன நோயுற்றார், எத்தனை நாள் படுத்தார், வைத்தியரைக் கண்டாரா என்று எழுதினர். வைத்தியசாலைக்கு வந்தவரை மட்டும் எண்ணிய பழைய கணக்குகளில் அகப்படாத துன்பங்கள் பல இப்பதிவேடுகளில் வெளிப்பட்டன. உலகெங்கும் சுகாதார அதிகாரிகள் இவற்றைப் படித்துப் பயன்கொண்டனர். கேள்விகளுக்கு மாதந்தோறும் விடையிறுத்த தாய்மார் பெற்ற பயன் அத்துணைத் தெளிவானதன்று. தடுப்பூசியும் தாதியின் வருகையும் அவர்களுக்குக் கிடைத்தன, ஐயமில்லை. ஆனால் கூரை ஒழுகிற்று, வாடகை ஏறிற்று, அவை பதிவேட்டில் நிரல்களாய் நின்றனவேயன்றி எவரது கடமையாகவும் ஆகவில்லை.

வீடும் நோயும் பிரியாதவை என்பதற்கு ஈயத்தின் கதையே மிகத் தெளிந்த சான்று. 1932ஆம் ஆண்டு, பொருளாதார மந்தத்தின் கொடிய நாட்கள். கரி வாங்க வழியற்ற குடும்பங்கள், பழைய இரும்புக் கடைகள் கழித்துவிட்ட மோட்டார் பற்றரிகளின் பெட்டிகளை எடுத்து வந்து அடுப்பெரித்தன. அப்பெட்டிகளில் ஊறியிருந்த ஈயம் புகையாயும் சாம்பலாயும் வீடெங்கும் படிந்தது. குழந்தைகள் வயிற்று வலியாலும் வாந்தியாலும் வலிப்பாலும் துடித்தன. சுகாதார ஆணையாளர் ஹன்றிங்ரன் வில்லியம்ஸும் பிறரும் இதன் காரணத்தைக் கண்டு மறு ஆண்டே அறிக்கை வெளியிட்டனர். 1935 முதல் நகரச் சுகாதாரத் திணைக்களம் குழந்தைகளின் இரத்தத்தில் ஈயம் உண்டோ என்பதை இலவசமாகச் சோதித்துக் கொடுத்தது.

பற்றரிப் பெட்டிகள் எரிவது நின்ற பின்னரும் ஈய நஞ்சு நிற்கவில்லை. பழைய வீடுகளின் சாளரங்களிலும் கதவுகளிலும் பூசிய ஈயச் சாயம் உரிந்து உதிர்ந்தது. தவழுங் குழந்தைகள் அதனை வாயிலிட்டன. சாளரத்தைத் திறந்து மூடும்போதெல்லாம் கண்ணுக்குத் தெரியாத தூள் நிலத்திற் படிந்தது. ஈயம் குழந்தையின் மூளையைத் தாக்குவது. ஒருமுறை நேர்ந்த கேட்டை எந்த மருந்தாலும் முற்ற மீட்க இயலாது. பால்ற்றிமோர் 1951ஆம் ஆண்டு வீடுகளின் உட்புறத்தில் ஈயச் சாயம் பூசுவதைத் தடைசெய்தது. அந்நாட்டு நகரங்களுள் அதுவே முதல். ஆனால் முன்னே பூசிய சாயம் அப்படியே சுவரில் இருந்தது. வைத்தியசாலை நஞ்சேறிய குழந்தையை ஏற்றுச் சிகிச்சை செய்து தேற்றும். தேறிய குழந்தை அதே சாளரமுள்ள அதே வீட்டுக்குத் திரும்பும்.

அதே 1951இல் நகருக்கு வெளியே, ரேணர் ஸ்ரேசன் என்னும் ஊரிலிருந்து ஹென்றியெற்றா லக்ஸ் என்ற கறுப்பினத் தாய் இவ்வைத்தியசாலைக்கு வந்தார். வறிய கறுப்பினத்தவரை ஏற்கும் பெரிய வைத்தியசாலைகள் சிலவே. ஹொப்கின்ஸின் கடிதம் அவ்வளவில் உயிரோடிருந்தது. ஆயினும் நோயாளர் விடுதிகள் நிறத்தின்படியே பிரிக்கப்பட்டிருந்தன. கருப்பைக் கழுத்துப் புற்றுநோயால் அவர் ஒக்டோபரில் இறந்தார். அவரறியாமல் எடுக்கப்பட்ட உயிரணுக்கள் ஆய்வுகூடத்தில் இறவாது பெருகி, இளம்பிள்ளை வாத ஊசிமருந்தின் ஆராய்ச்சி உட்படப் பல ஆராய்ச்சிகளுக்குப் பயன்பட்டன. குடும்பத்தார் இதனை அறிந்தது 1970களில். கிழக்குப் பால்ற்றிமோரின் மூதாட்டிகள் பேரக்குழந்தைகளை இருட்டியபின் வைத்தியசாலைப் பக்கம் போகாதே, பிடித்து ஆராய்ச்சி செய்வர் என்று எச்சரிப்பது நெடுநாள் வழக்கம். படித்தோர் அதனைப் பேதைமை என்று நகைத்தனர். அவ்வச்சம் எங்கிருந்து பிறந்தது என்று ஆராய்ந்தவர் சிலரே.

1950களில் வைத்தியசாலையைச் சூழ்ந்த சில தெருக்கள் நகர் புதுப்பித்தல் என்னும் பெயரால் இடிக்கப்பட்டன. அங்கிருந்தோர் வேறிடம் போயினர். வைத்தியர்களும் மாணவர்களும் தங்குவதற்கு வேலியடைத்த குடியிருப்பு ஒன்று எழுந்தது. அயலவர் அதற்குக் 'கொம்பவுண்ட்' என்று பெயரிட்டனர். 1968 ஏப்ரலில் மாட்டின் லூதர் கிங் கொலையுண்டபோது நகர் கொந்தளித்தது. அதன் பின்னரே கல்லூரியார் அயலவரோடு ஒரே மேசையில் இருந்து பேசத் தலைப்பட்டனர். 1970களின் தொடக்கத்தில், பகுதி மக்களின் சபையொன்று கல்லூரியின் துணையோடு தனக்கென ஒரு வைத்திய சேவைத் திட்டத்தைத் தொடங்கிற்று.

அப்பத்தாண்டின் நடுப்பகுதியில் நடந்த ஒரு முயற்சி தனியே குறிப்பிடத்தக்கது. கிழக்குப் பால்ற்றிமோரில் இரத்த அழுத்த நோய் மிகுதி. பக்கவாதமும் இருதய நோயும் நடுவயதினரையே கொண்டுபோயின. மருந்து இருந்தது, வைத்தியர் இருந்தனர், ஆயினும் அழுத்தம் குறையவில்லை. டேவிட் லெவின், டொனல்ட் மொறிஸ்கி, லோறன்ஸ் கிறீன் முதலியோர் 400 வெளிநோயாளரைக் கொண்டு மூன்று எளிய காரியங்களைச் சோதித்தனர். வைத்தியரைக் கண்டு வெளியே வரும் நோயாளரை ஒருவர் இருத்தி, வைத்தியர் சொன்னது யாது, எந்த மருந்தை எப்போது உண்பது என்று சில நிமிடங்கள் அவருக்கு விளங்கும் மொழியிற் பேசுதல் ஒன்று. வீட்டுக்குச் சென்று, நோயாளரே குறிப்பிட்ட உறவினரிடம் மருந்தை நினைவூட்டுமாறு கேட்டுக்கொள்ளுதல் மற்றொன்று. நோயாளர் சிலர் சிறு கூட்டமாய்க் கூடித் தம் இடர்களைத் தாமே பேசுதல் மூன்றாவது. ஐந்தாண்டு கழிந்தபின் கணக்கிட்டபோது, இவ்வுதவி பெற்றோரின் இரத்த அழுத்தம் பிறரிலும் நன்கு அடங்கியிருந்தது. அவர்களுள் இறந்தவரும் குறைவு. 1983இல் இது வெளியாயிற்று. புதிய மருந்தோ யந்திரமோ இதில் இல்லை. ஒஸ்லரின் மாணவிகள் ஏறிய படிக்கட்டுகளில் மறுபடி ஒருவர் ஏறினார். இம்முறை பார்ப்பதோடு நில்லாது உட்கார்ந்து பேசினார். பின்னர் அயலிலேயே பிறந்து வளர்ந்தோர் பயிற்சி பெற்று இவ்வேலையை ஏற்றனர். 1980களின் இறுதியில் அப்பகுதிக் கிறிஸ்தவ ஆலயங்களின் குருமாரும் புகைபிடித்தலை ஒழிக்கும் பணியிற் கல்லூரியோடு சேர்ந்தனர்.

நம்பிக்கை வளர்ந்தது, ஆனால் சீராக வளரவில்லை. வைத்தியசாலைக்கு அடுத்து நின்ற, அக்கல்லூரியோடு தொடர்புள்ள கெனடி கிறீகர் நிலையம் 1990களில் ஈயச் சாயத்தைப் பற்றி ஓர் ஆராய்ச்சி நடத்தியது. சாயம் முழுவதையும் அகற்றப் பெருஞ் செலவாகும். அச்செலவுக்கு அஞ்சிச் சொந்தக்காரர் வீடுகளைக் கைவிடுவர். ஆகையாற் குறைந்த செலவிற் பகுதியளவு திருத்தினால் எவ்வளவு பயன் விளையும் என்று அறிதல் வேண்டும் என்பது ஆராய்ச்சியாளரின் வாதம். வாதத்திற் பொருளுண்டு. ஆனால் திருத்தம் போதுமா என்பதை அறியும் வழி, அவ்வீடுகளில் வாழ்ந்த குழந்தைகளின் இரத்தத்தைச் சோதித்தலாயிருந்தது. ஆபத்தை உரிய வேளையில் முழுதாகச் சொல்லவில்லை என்று இரு குடும்பங்கள் வழக்கிட்டன. வழக்குக்கு இடமில்லை என்ற கீழ்நீதிமன்றத் தீர்ப்பை 2001இல் மேரிலாந்தின் மேல்முறையீட்டு நீதிமன்றம் நீக்கி, ஆராய்ச்சிக்குட்பட்டோரிடத்து ஆராய்ச்சியாளருக்குக் கடப்பாடு உண்டாகலாம் என்று கடுமையான சொற்களிற் கூறிற்று.

அதே 2001ஆம் ஆண்டு, வைத்தியசாலையின் வடபுறத்தில் மிடில் ஈஸ்ட் என வழங்கிய பகுதியில் 88 ஏக்கர் நிலத்தைப் புதுப்பிக்கும் திட்டம் அறிவிக்கப்பட்டது. ஆய்வுகூடங்களும் புதிய வீடுகளும் பாடசாலையும் எழும் என்றனர். தம் வீடுகள் போகப்போகின்றன என்பதை அங்கிருந்தோர் பலர் பத்திரிகை வாயிலாகவே அறிந்தனர். 700இற்கு மேற்பட்ட குடும்பங்கள் வெளியேற நேர்ந்தது. இம்முறை அவர்கள் வாளாவிருக்கவில்லை. தமக்கென ஒரு செயற்குழு அமைத்து, வேறிடத்தில் வீடு வாங்கப் போதுமான ஈட்டுத்தொகை கேட்டனர். பேச்சுவார்த்தையில் அதனை உயர்த்தியும் பெற்றனர். பின்னர் இடிப்பு வேலை தொடங்கியபோது இன்னொரு கேள்வியை எழுப்பினர். நூறாண்டுப் பழைய வீடுகள் வரிசையாய் விழும்போது, அவற்றின் சாயத்திலுள்ள ஈயம் தூளாய்ப் பறந்து இன்னும் வெளியேறாத வீடுகளிற் படியாதா என்பதே அக்கேள்வி. ஈயத்தைப் பற்றி உலகில் அதிகம் அறிந்த நிலையங்களுள் சில நடந்துபோகும் தூரத்தில் இருந்தன; கேள்வியோ அத்தெருவின் குடியிருப்பாளரிடமிருந்து வந்தது. நிபுணர் குழுவொன்று அதனை ஆராய்ந்தது. இடிப்பதற்கு முன்னரே அயலவருக்கு அறிவித்தல் கொடுக்கவும், சுவர்கள் விழும்போது குழாயால் நீர் பாய்ச்சித் தூளை அடக்கவும், இடிபாடுகளை மூடி ஏற்றிச் செல்லவும் விதிகள் எழுதப்பட்டன. அவ்விதிகளின்படியே எஞ்சிய வீடுகள், நீர் சொட்டச் சொட்ட, இடிந்து விழுந்தன.